பெர்கன்: எரிந்தாலும் இடம் மாறாத நகரம் – வாசகர் கேள்வி பதில்

நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கன் நகரைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

கேள்வி: பெர்கன் எந்த ஆண்டு உருவானது? ஒரு காலத்தில் அதுதான் நார்வேயின் தலைநகரமாமே?

1070-இல் ஓலாவ் கீர்ரே என்ற அரசர் நகரை நிறுவியதாகப் பழைய அரசர் கதைகள் சொல்கின்றன. நகரமும் அந்த ஆண்டையே தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுகிறது. அதற்காக, அரசர் வரும்வரை அங்கே ஈ காக்கை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வோகன் என்ற அந்தச் சிறிய குடா, சுற்றிலும் மலைகள் இருப்பதால் புயலுக்கு மறைவானது. கரையோரமே ஆழமும் உண்டு. கப்பல்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? வணிகம் முதலில் வந்திருக்க வேண்டும். அரசர் அதற்கு நகரம் என்ற தகுதியைக் கொடுத்திருக்க வேண்டும்.

13-ஆம் நூற்றாண்டில் அரசவை பெரும்பாலும் இங்கேதான் இருந்தது. இன்று சொல்வது போல எழுதி வைத்த தலைநகரம் அப்போது கிடையாது. அரசர் எங்கே தங்குகிறாரோ அதுவே தலைநகரம். 1299-இல் ஐந்தாம் ஹோகோன் அரசரானபின் அந்த இடம் ஓஸ்லோவுக்குப் போனது. ஆனால் பணம் பெர்கனை விட்டுப் போகவில்லை. 1830-கள் வரை நார்வேயின் மிகப்பெரிய நகரம் பெர்கன்தான்.

கேள்வி: துறைமுகக் கரையில் வரிசையாக நிற்கும் சிவப்பு, மஞ்சள் மரவீடுகள் 900 ஆண்டுப் பழமையானவை என்று ஒரு கையேட்டில் படித்தேன். இன்னொன்றில் 300 ஆண்டு என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. எதற்கு எந்த எண் என்பதுதான் விஷயம்.

அந்த வரிசைக்கு ப்ரிக்கென் என்று பெயர். 1702 மே மாதம் நகரின் பெரும்பகுதி எரிந்தபோது ப்ரிக்கெனும் சாம்பலானது. இன்று நிற்கும் வீடுகள் அதற்குப் பிறகு எழும்பியவை. ஆகவே மரத்துக்கு வயது ஏறக்குறைய 300. ஆனால் எரிந்த இடத்தில் புதிய திட்டம் போட்டு யாரும் கட்டவில்லை. பழைய மனைக்கோடுகள், பழைய சந்துகள், பழைய கட்டுமான முறை எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு எழுப்பினார்கள். அந்த மனைப்பிரிவு 12-ஆம் நூற்றாண்டுவரை பின்னோக்கிப் போகிறது. வீட்டின் வயது வேறு, தெருவின் வயது வேறு. 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ப்ரிக்கெனைச் சேர்த்ததற்கும் இந்தத் தொடர்ச்சியே காரணம்.

நேரில் போகிறவர்கள் முகப்பைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புவது பெரிய இழப்பு. முகப்பு வெறும் நெற்றிதான். இரண்டு வீடுகளுக்கு நடுவே தெரியும் குறுகலான சந்தில் நுழையுங்கள். காலடியில் பலகை. இருபுறமும் நீளமான வீட்டு வரிசை மலைப்பக்கம் நோக்கிப் போகிறது. மாடிகளுக்கு வெளிப்புறத்திலேயே படிக்கட்டு, திறந்த தாழ்வாரம். மேலே பார்த்தால் சரக்குத் தூக்கும் கம்பம் நீட்டிக்கொண்டிருக்கும். இப்படி எதிரெதிராக நிற்கும் இரண்டு வரிசையும் நடுச்சந்தும் சேர்ந்தது ஒரு 'கோர்'. கப்பல் வந்து நிற்பது முன்னால். எழுத்து வேலையும் தங்குமிடமும் நடுவில். விலையுயர்ந்த சரக்கு பின்னால், கல் கிடங்குகளில். பெல்கோர்டன், ஸ்வென்ஸ்கோர்டன், ப்ரெட்ஸ்கோர்டன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு.

ஒரு எச்சரிக்கை. வரிசையின் தென்பாதியில், மீன்சந்தைப் பக்கம், அதே கூர்முகப்போடு செங்கல் கட்டடங்கள் நிற்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரவீடுகளை இடித்துவிட்டுக் கட்டியவை அவை. வடிவத்தை மட்டும் பழையபடி வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் இடிபடாமல் தப்பியது ஃபின்னெகோர்டன் ஒன்றே. ஹான்சா என்ற ஜெர்மானிய வணிகக் கூட்டமைப்பின் அருங்காட்சியகம் அதில்தான் 1872-இல் தொடங்கியது. வடபுறத்தில் 1955 ஜூலையில் இன்னொரு தீ. இடிப்பும் தீயும் போக இப்போது மிஞ்சியிருப்பது 62 கட்டடங்கள்.

கேள்வி: ஒரே ஊர் இத்தனை முறை ஏன் எரிந்தது? எரியும் என்று தெரிந்தும் மரத்தில் ஏன் கட்டினார்கள்?

மேற்கு நார்வேயில் மரம் மலிவு. கல்லை வெட்டி, இழைத்து, சுமந்து கட்டுவது மன்னருக்கும் திருச்சபைக்கும் மட்டுமே கட்டுப்படியாகும் வேலை. தவிர, மரவீடு வெதுவெதுப்பானது, சீக்கிரம் எழும்பும். தீப்பிடித்தால் சில கோடைக் காலங்களில் மறுபடியும் நிறுத்திவிடலாம். 1198, 1248, 1413, 1476, 1702 என்று பெருந்தீக்களின் பட்டியல் நீள்கிறது. மழை கொட்டும் ஊர் எப்படி எரியும் என்று கேட்பீர்கள். ஈரமாவது வெளிப்பலகை மட்டும்தான். உள்ளே காய்ந்த கட்டை; அதன்மேல் பூசிய தார்; சுற்றிலும் கயிறு, மீனெண்ணெய், தானியம். கூடவே கடற்காற்று. குறுகிய சந்து புகைபோக்கி மாதிரி வேலை செய்து தீயை உறிஞ்சி இழுத்துக்கொண்டு போகும்.

தடுப்பு ஏற்பாடுகள் மூன்று. இன்றும் மூன்றையும் நேரில் பார்க்கலாம்.

முதலாவது, அல்மென்னிங் எனப்படும் அகலத் தெருக்கள். துறைமுகத்திலிருந்து மேட்டுப்பக்கம் நேராக ஏறும் இவை பொதுநிலம். தீ ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் இருக்கவும் இந்த இடைவெளிதான் காவல். நகரின் நடுவில் இருக்கும் தோர்கல்மென்னிங்கன் பார்ப்பவருக்கு அளவுக்கு மீறி அகலமாகத் தோன்றும். 1916 ஜனவரி 15 அன்று புயல்காற்றில் பரவிய தீ சுமார் 380 கட்டடங்களை விழுங்கி, ஏறக்குறைய 2,700 பேரை வீடற்றவர்களாக்கியது. அதன் பிறகு, தெருவை மேலும் அகலமாக்கி, கல்லிலும் செங்கல்லிலும் கட்டிய இடம் அது.

இரண்டாவது, கல் கிடங்குகள். வீட்டு வரிசையின் பின்முனையில், மரத்தைத் தொடாமல் தள்ளி நிற்கும் தடித்த கல்சுவர்க் கட்டடங்கள். சன்னல் சிறியது, மேல்தளத்தில் மண் அல்லது மணல் பரப்பியிருக்கும். கூரை எரிந்து விழுந்தாலும் கனல் கீழே இறங்காது. துணி, மதுபானம், கணக்குப் புத்தகம் எல்லாம் இங்கேதான்.

மூன்றாவது, வீட்டுக்குள் நெருப்பே கூடாது என்ற விதி. அடுப்பும் இல்லை, குளிர்காயும் கணப்பும் இல்லை. பனிக்காலத்திலும் அப்படித்தான். சமைக்கவும் குளிர்காயவும் ஸ்கோட்ஸ்துயெனெ என்ற தனிக் கூடங்களைப் பின்புறம் கட்டினார்கள். குளிர்காலம் முழுக்க ஆட்கள் சாப்பிடவும், கூட்டம் போடவும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் அங்கேதான் கூடுவார்கள். மரியா தேவாலயத்துக்குப் பக்கத்தில் இந்தக் கூடங்கள் அருங்காட்சியகமாக இருக்கின்றன. ப்ரிக்கெனில் நேரத்தை எங்கே குறைப்பது என்று கேட்டால், கடைகளில் குறையுங்கள், இங்கே வேண்டாம்.

கேள்வி: ஒரு காய்ந்த மீனை வைத்து ஒரு நகரமே பணக்காரன் ஆனது என்பதை நம்ப முடியவில்லை. அது நம் கருவாடு போன்றதா?

உப்பே போடாத கருவாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் முழுவதும் அந்த உப்பில்தான் இருக்கிறது.

பெர்கனுக்கு வெகு வடக்கே லொஃபோட்டன் தீவுகள். ஜனவரி முதல் ஏப்ரல்வரை முட்டையிடுவதற்காகக் காட் மீன் கூட்டம் கூட்டமாக அங்கே வரும். பிடித்தவுடன் தலையை வெட்டி, குடலை எடுத்து, வாலோடு வால் சேர்த்து இரண்டிரண்டாகக் கட்டி, கழிகளால் ஆன பெரிய பரண்களில் தொங்கவிடுவார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை வெளியில் காற்றே காய வைக்கும். அந்த மாதங்களில் அங்கே வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே ஏறி இறங்குகிறது. இது மிகவும் முக்கியம். கடும் உறைபனி வந்தால் சதைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி நாரைக் கிழித்துவிடும்; மீன் பஞ்சு மாதிரி ஆகும். வெயில் ஏறினால் ஈ மொய்க்கும், புழு வைக்கும், அழுகும். மழை தொடர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். இந்த மூன்றுக்கும் தப்பும் இடம் உலகத்தில் அதிகம் இல்லை. லொஃபோட்டன் அப்படிப்பட்ட இடம்.

காய்ந்து முடித்தால் 5 கிலோ மீன் ஏறக்குறைய 1 கிலோவாகும். தட்டினால் கட்டை மாதிரிச் சத்தம் வரும். ஈரம் படாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. சமைக்கிறவர்கள் தினமும் தண்ணீரை மாற்றிப் பல நாள் ஊற வைக்க வேண்டும். கத்தோலிக்க ஐரோப்பாவில் இறைச்சி விலக்கிய நோன்பு நாட்கள் ஏராளம். குளிர்பதன வசதி இல்லாத காலத்தில், உள்நாட்டு ஊர்வரை கெடாமல் போகும் மீன் இது. கேட்கவா வேண்டும்.

பெர்கன் இதில் எப்படி நுழைந்தது? வடக்கில் மீன் உண்டு, தானியம் விளையாது. ஜெர்மானிய ஹான்சா வணிகர்களிடம் பால்டிக் கரையின் ரை தானியம் உண்டு. 1294-இல் அரசாணை ஒன்று, வெளிநாட்டார் பெர்கனுக்கு வடக்கே கப்பல் விடக்கூடாது என்றது. ஆக, மீன் தெற்கே இறங்கி வரவேண்டும், தானியம் வடக்கே ஏறவேண்டும், இரண்டும் கைமாறுவது வோகன் குடாவில். வணிகர்கள் மீனவருக்கு மாவையும் கயிற்றையும் முன்கூட்டியே கடனாகக் கொடுத்தார்கள். கடன் தீரும்வரை அதே வணிகரிடம்தான் மீனைப் போட வேண்டும். கடன் தீராது. பஞ்ச காலத்தில் வடக்கத்தியாரைக் காப்பாற்றியதும் இந்த ஏற்பாடுதான்; தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்டதும் இதுதான். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது முழு வரலாறு ஆகாது.

பெர்கனில் மீனைத் தரம் பிரிப்பதே தனித்தொழில். நீளம், தடிமன், நிறம், கறை, வாசனை பார்த்துக் குவியல் குவியலாகப் பிரிப்பார்கள். பெர்கன் ஹான்சா அலுவலகத்தின் சின்னத்தில் பாதி பேரரசுக் கழுகு. மறுபாதியில் முடி சூட்டிய காய்ந்த மீன்.

கேள்வி: ஹான்சா வணிகர்களுக்குத் திருமணம் கூடாதாமே?

ஆமாம். லூபெக் முதலான வடஜெர்மானிய நகரங்களின் கூட்டமைப்பான ஹான்சா, 1360 வாக்கில் இங்கே நிரந்தர அலுவலகம் அமைத்தது. லண்டன், ப்ரூஜ், நோவ்கோரோத் ஆகிய மூன்றோடு சேர்ந்து அவர்களுடைய நான்கு பெரிய வெளிநாட்டு அலுவலகங்களில் இதுவும் ஒன்று. உச்சத்தில் ஆயிரம் பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். கோடையில் இன்னும் கூடும். எல்லோரும் ஆண்கள். முதலாளி, அவருக்குக் கீழே கைதேர்ந்த உதவியாளர்கள், அடியில் தொழில் பழகும் சிறுவர்கள்.

திருமணத் தடைக்குக் காரணம் பக்தி அல்ல, சொத்து. உள்ளூரில் பெண் எடுத்தால் வாரிசு வரும். வாரிசோடு நார்வே நாட்டுச் சட்டமும் வீட்டுக்குள் வரும். அலுவலகமோ தனக்கென்று சட்டமும் விசாரணையும் வைத்துக்கொண்ட அமைப்பு. பங்காளிகளின் முதல் சிதறாமல் லூபெக்குக்குத் திரும்ப வேண்டும். புதிதாக வரும் சிறுவர்களை 'விளையாட்டு' என்ற பெயரில் புகைக்கு மேல் தொங்கவிட்டும், குடாவின் குளிர்நீரில் முக்கி எடுத்தும், சாட்டையால் அடித்தும் சோதித்தார்கள். அதைக் கொடுமை என்றுதான் சொல்ல வேண்டும். 1754-இல் ஹான்சா அலுவலகம் மூடப்பட்டது. அதற்குள் ஜெர்மானியர் பலர் பெர்கன் குடிமக்களாகிக் கலந்துவிட்டார்கள்.

கேள்வி: மரக்குச்சியில் எழுதிய பழைய கடிதங்கள் கிடைத்ததாகப் படித்தேன். என்ன எழுதியிருந்தார்கள்?

1955 தீயில் எரிந்த மனையில் உடனே கட்டடம் எழுப்பாமல், ஆஸ்பியோர்ன் ஹெர்தைக் என்ற தொல்லியலாளர் தலைமையில் ஆண்டுக்கணக்கில் தோண்டினார்கள். ஒவ்வொரு பெருந்தீயும் மண்ணில் ஒரு கரிப்படலத்தை விட்டுப் போயிருந்தது. எந்த ஆண்டு எரிந்தது என்பது ஏடுகளில் இருக்கிறது. இரண்டு கரிப்படலங்களுக்கு நடுவே ஒரு பொருள் கிடைத்தால் அதன் காலம் தெரிந்துவிடும். நகரை அழித்த தீயே நகருக்கு நாட்காட்டியாக உதவியது.

ரூன் எழுத்துக் கீறிய குச்சிகளும் எலும்புகளும் சுமார் 670 கிடைத்தன. ரூன் என்றால் கல்வெட்டுக்கும் மாந்திரீகத்துக்கும் உரிய பழைய எழுத்து, லத்தீன் வந்ததும் ஒழிந்தது என்ற கருத்து அதுவரை பரவலாக இருந்தது. இங்கே கிடைத்தவை 13, 14-ஆம் நூற்றாண்டுச் சந்தைக்காரர்களின் அன்றாட எழுத்து. மூட்டையில் கட்டிய பெயர்ச்சீட்டு, வணிகக் கடிதம், லத்தீன் மந்திரம், காதல் வரி, கிறுக்கல். ஒன்றில் 'நீ வீட்டுக்கு வரவேண்டும் என்று கீதா சொல்கிறாள்' என்று இருக்கிறது. கீதா நார்வேப் பெண் பெயர்தான். அதன் கீழே பதில் மாதிரி வேறு சில கீறல்கள், படிக்க முடியவில்லை. இவற்றில் பலவற்றை ப்ரிக்கென்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1976-இல் திறந்த அந்தக் கட்டடம், பழைய அடித்தளங்களைத் தோண்டிய நிலையிலேயே தன் தரைத்தளத்தில் காட்டுகிறது.

கேள்வி: ப்ரிக்கென் மண்ணுக்குள் இறங்குகிறது என்கிறார்களே, உண்மையா? வீடுகள் கோணலாக நிற்பது அதனால்தானா?

உண்மை. ஆனால் கோணலுக்கெல்லாம் ஒரே காரணம் அல்ல. மரவீடு 300 ஆண்டு நின்றால் கொஞ்சம் சாய்வது இயல்பு. அச்சப்பட வேண்டிய இறக்கம் வேறு.

ப்ரிக்கென் நிற்பது பாறைமேல் அல்ல. துறைமுகத்தை ஆழமான பக்கம் நகர்த்துவதற்காக, மரக்கட்டைகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, உள்ளே கல்லும் குப்பையும் நிரப்பி, கடலைத் தூர்த்துக்கொண்டே முன்னேறினார்கள். அதன்மேல் எரிந்த மிச்சம், மரச்சீவல், சாணம், மீன்கழிவு. சில இடங்களில் இந்தப் படிவம் பல மீட்டர் தடிமன். இதில் பெரும்பங்கு மக்கக்கூடிய பொருள். நிலத்தடி நீரில் ஊறிக் கிடக்கும்வரை ஆக்சிஜன் நுழையாது. நுண்ணுயிரிகளால் தின்ன முடியாது. எண்ணூறு ஆண்டுக் கட்டையும் உறுதியாக இருக்கும். நீர்மட்டம் இறங்கினால் காற்று புகும், கட்டை மக்கும், மண் சுருங்கும், மேலே உள்ள வீடும் சேர்ந்து இறங்கும்.

1955-இல் எரிந்த மனையில் பின்னாளில் ஒரு தங்கும் விடுதி வந்தது. அதன் நிலவறைக்காக அடித்த இரும்புத்தகட்டுச் சுவரும் வடிகாலும் பக்கத்து நிலத்தின் நீரையும் இழுத்துக்கொண்டிருந்தன. அதை ஒட்டிய பகுதியில் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர்வரை இறக்கம் அளக்கப்பட்டது. கேட்கச் சிறிய எண்ணாகத் தோன்றும். இருபது ஆண்டில் 16 சென்டிமீட்டர் ஆகிவிடும். அதுவும் எல்லா மூலையும் ஒரே அளவில் இறங்காது. அப்போதுதான் கட்டை இணைப்புகள் பிளக்கும்.

மருந்து எளிமையானது, பொறுமைதான் அதிகம் தேவைப்பட்டது. கசிவை அடைத்தார்கள். கூரையிலும் தெருவிலும் விழும் மழைநீரைக் குழாயில் கடலுக்கு அனுப்பாமல், புல்தரைப் பள்ளங்களுக்கும் நீர் உட்புகும் கல்பாவலுக்கும் திருப்பி, மண்ணுக்குள் இறங்க விட்டார்கள். கண்காணிப்புக் கிணறுகளில் மட்டத்தை அளந்துகொண்டே இருந்தார்கள். நீர் ஏறியது, இறக்கம் வெகுவாகத் தணிந்தது. போன மண் திரும்ப வராது என்பதால், இந்த வேலையை முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

மேலே வீட்டுக்குச் செய்யும் வைத்தியம் தனி. சுவர்கள் கிடைமட்டக் கட்டைகளை மூலையில் வெட்டிக் கோத்து அடுக்கியவை. முதலில் மக்குவது மண்ணை ஒட்டிய அடிக்கட்டை. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே ஜாதிப் பைன் மரத்தின் வைரம் பாய்ந்த பகுதியை அதே குறுக்களவில் செதுக்கி ஒட்டுப்போடுகிறார்கள். முழுக்கட்டையையும் மாற்றுவது கடைசி வழி. ஏனென்றால் பழைய கோடரி வெட்டின் தடம் புதுக்கட்டையில் கிடையாது. சந்துகளில் நடக்கும்போது சாம்பல்நிறப் பழைய கட்டைக்கு நடுவே வெளிர்மஞ்சள் துண்டு தெரிந்தால், அது இந்த ஒட்டுதான்.

கேள்வி: கோட்டைக்குள் இருக்கும் ஹோகோன் மண்டபம் அசலா, மறுபடி கட்டியதா?

சுவர்களின் பெரும்பகுதி அசல். கூரையும் உட்புறமும் புதியவை. ஹோகோன் ஹோகோன்சன் அரசர் எழுப்பிய இந்தக் கல்மண்டபத்தின் முதல் பெரிய நிகழ்ச்சி, 1261-இல் அவர் மகன் மக்னுசுக்கும் டென்மார்க் இளவரசி இங்கெபோர்குக்கும் நடந்த திருமணம். பின்னர் அரசவை போனதும் மண்டபம் நூற்றாண்டுக்கணக்கில் தானியக் கிடங்காகக் கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டெடுத்தார்கள்.

1944 ஏப்ரல் 20 காலை, ஜெர்மானியப் படை கைப்பற்றி ஓட்டிவந்த 'ஃபோர்போடெ' என்ற டச்சுக் கப்பல், சுமார் 120 டன் வெடிபொருளோடு கோட்டைக்கு எதிரே வெடித்தது. மண்டபத்தின் கூரை எரிந்து சுவர் மட்டும் நின்றது. பக்கத்திலுள்ள ரோசன்க்ராண்ட்ஸ் கோபுரம் பாதி சரிந்தது. ப்ரிக்கென் கூரைகள் பறந்தன. கப்பலின் நங்கூரம் ஒன்று சான்ட்விக்ஸ்ஃப்யெல்லெட் மலைமேல் போய் விழுந்தது. இன்றும் அங்கே இருக்கிறது. சிதைந்த ப்ரிக்கெனை மொத்தமாக இடித்துவிடலாம் என்று குரல்கள் எழுந்தன. இடிக்காமல் பழுதுபார்த்தவர்களுக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும். மண்டபம் 1961-இல் மறுபடி திறந்தது, திருமணம் நடந்து சரியாக 700 ஆண்டு கழித்து.

கோபுரத்தையும் விட்டுவிடாதீர்கள். 1560-களில் ஆளுநர் எரிக் ரோசன்க்ராண்ட்ஸ், 13-ஆம் நூற்றாண்டுக் கோபுரம் ஒன்றைப் புதுச்சுவருக்குள் வைத்துக் கட்டியது அது. பீரங்கிகள் வைத்தது கடலிலிருந்து வரும் எதிரிக்காக மட்டுமல்ல. ப்ரிக்கென் ஜெர்மானியருக்கும் ஒரு கண் இருப்பது தெரியட்டும் என்றுதான். படிகள் குறுகல், செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தது பெர்கனிலா?

பெர்கனில்தான், 1873-இல். கண்டவர் கெர்ஹார்ட் ஆர்மாவர் ஹான்சன். 19-ஆம் நூற்றாண்டில் மேற்கு நார்வேயில் தொழுநோய் பரவலாக இருந்தது. பெர்கனில் அதற்கென்றே மருத்துவமனைகள் இருந்தன. 1856-இல் நார்வே நாடு தழுவிய நோயாளர் பதிவேட்டைத் தொடங்கியது. எந்த ஊரில், எந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ற அந்தக் கணக்குதான், இது பரம்பரை நோய் என்ற அந்நாளைய கருத்தை ஹான்சன் சந்தேகிக்க உதவியது.

அவருடைய பெருமையைச் சொல்பவர்கள் 1880-ஐ விட்டுவிடுகிறார்கள். ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவர் சம்மதம் இல்லாமல், நோய்ப்பொருளைச் செலுத்தப் பார்த்ததற்காக நீதிமன்றம் ஹான்சனை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. நோயாளியின் ஒப்புதல் என்ற கொள்கையின் வரலாற்றில் அந்த வழக்குக்கும் இடம் உண்டு.

புனித யோர்கன் மருத்துவமனையின் மரக்கட்டடங்கள் இப்போது அருங்காட்சியகம். நடுக்கூடம், அதைச் சுற்றி இரண்டு அடுக்கில் சின்னஞ்சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் பல பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கிறார். கடைசி இரு நோயாளிகள் இறந்தது 1946-இல். நகரின் தொழுநோய் ஆவணங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இருக்கின்றன.

கேள்வி: ஃபன்தோஃப்ட் மரத்தேவாலயத்தைப் பார்க்கப் போகலாமா, அது நகல்தானே?

நகல்தான். அசல், சோங்ன் பகுதியின் ஃபோர்துனில் 1150 வாக்கில் கட்டியது. இடிக்கப்போன நேரத்தில் 1883-இல் பெர்கனுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1992 ஜூன் 6 அன்று யாரோ தீ வைத்து அழித்தார்கள். 1997-இல் மறுபடி கட்டி முடித்தார்கள். தூண்களை மண்ணில் நடாமல், கல்லின்மேல் வைத்த அடிச்சட்டத்தில் பொருத்தும் கட்டுமான முறையைப் புரிந்துகொள்ள நகலே போதும். தூணின் அடி ஈரத்தில் நிற்காததால்தான் இவ்வகைத் தேவாலயங்கள் பல நூற்றாண்டு தாங்கின. பழைமையே வேண்டும் என்பவர்கள் மரியா தேவாலயத்துக்குப் போங்கள். 12-ஆம் நூற்றாண்டுக் கல்கட்டடம், நகரில் நிற்பவற்றில் மிகப் பழையது.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? மழை நிற்கவே நிற்காதாமே? நள்ளிரவுச் சூரியன் தெரியுமா?

நள்ளிரவுச் சூரியன் தெரியாது. பெர்கன் 60 பாகை வடக்கே இருக்கிறது. அதற்கு ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்ட வேண்டும். ஆனால் ஜூன் கடைசியில் இரவு 11 மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும், 4 மணி வாக்கில் உதித்துவிடும். டிசம்பரில் பகல் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மழை ஆண்டுக்கு 2,250 மில்லிமீட்டருக்கும் மேல். அட்லாண்டிக்கின் ஈரக்காற்று நேராக வந்து மலைகளில் மோதி மேலே ஏறிக் குளிர்ந்து பெய்துவிடுகிறது. 2006 அக்டோபர் கடைசியில் தொடங்கி 85 நாள் விடாமல் பெய்ததும் உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒப்பீட்டில் குறைவு. செப்டம்பரிலிருந்து டிசம்பர்வரை அதிகம். மே அல்லது ஜூன் நல்ல தேர்வு. குடையை நம்பாதீர்கள், குடாக்காற்று திருப்பிப் போட்டுவிடும். தலைமூடியோடு மழைக்கோட்டும், நனைந்த பலகையில் வழுக்காத காலணியும் கொண்டுபோங்கள்.

கேள்வி: கையில் ஒரே நாள். மாலை ரயிலில் ஓஸ்லோ போகவேண்டும். எந்த வரிசையில் பார்ப்பது?

விமான நிலையத்திலிருந்து வருவதானால் பீபானன் டிராமில் ஏறுங்கள். நகர மையத்துக்கு முக்கால் மணி நேரம். பெட்டியை ரயில் நிலையத்தில் வைத்துவிட்டு, நேராகத் துறைமுகத்தின் வடமுனைக்கு நடந்து கோட்டையில் தொடங்குங்கள். அங்கிருந்து எல்லாம் திரும்பும் வழியிலேயே இருக்கிறது.

மண்டபமும் கோபுரமும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அடுத்து மரியா தேவாலயம், ஸ்கோட்ஸ்துயெனெ கூடங்கள், ப்ரிக்கென்ஸ் அருங்காட்சியகம். பசி எடுக்குமுன் சந்துகள். பெரிய சுற்றுலாக் கப்பல்கள் பல கோட்டைப் பக்கம் நிற்கும். கப்பல் நிற்கும் நாளில் நடுப்பகலில் சந்துக்குள் கால் வைக்க இடமிருக்காது. அப்படியானால் வரிசையை மாற்றி, காலையிலேயே சந்துகளை முடித்துவிடுங்கள். ஃபின்னெகோர்டன் 2018-இல் பெரிய பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டது, யோர்கன் மருத்துவமனை கோடையில்தான் ஒழுங்காகத் திறக்கும். இரண்டையும் கிளம்புமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மீன்சந்தைக்குப் பக்கத்தில் ஃப்ளோயன் மலை ரயிலின் கீழ்நிலையம். 1918-இல் ஓடத் தொடங்கியது, பாதையின் நீளம் 844 மீட்டர். ஒரே கம்பிவடத்தின் இரு முனையில் இரு பெட்டிகள். ஒன்று இறங்கும் எடை மற்றதை ஏற்ற உதவும், நடுவில் மட்டும் பாதை இரண்டாகப் பிரியும். 320 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அல்மென்னிங் தெருக்கள் நகரைக் கீறிப் பிரிப்பது தெளிவாகத் தெரியும். மேகம் மலையை மூடியிருந்தால் டிக்கெட் வாங்காதீர்கள், பஞ்சுவெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது. ஏறுவதற்கு ரயில், இறங்குவதற்கு நடை. முக்கால் மணி நேரம் போதும்.

கீழே வந்ததும் பேராலயத்தின் கோபுரச் சுவரை அண்ணாந்து பாருங்கள். 1665-இல் இந்தக் குடாவில் ஆங்கிலேயக் கப்பற்படையும் டச்சுக் கப்பல்களும் மோதியபோது தவறி வந்த பீரங்கிக்குண்டு இன்னும் அதில் பதிந்திருக்கிறது. அங்கிருந்து யோர்கன் மருத்துவமனையும், அதற்கடுத்து ரயில் நிலையமும் சில நிமிட நடை. 1909-இல் திறந்த ஓஸ்லோ ரயில்பாதை 1,237 மீட்டர் உயரம்வரை ஏறி மறுபக்கம் இறங்குகிறது. ஓஸ்லோவுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். கோடையில் போனால் ஃபின்செ பீடபூமியை வெளிச்சத்திலேயே கடக்கலாம். குளிர்காலத்தில் மாலை வண்டி வேண்டாம், அந்தப் பகுதி முழுக்க இருட்டில் போய்விடும். ஓர் இரவு தங்கிக் காலை வண்டியைப் பிடியுங்கள்.